எத்தனை பாகம்?

ராமேஸ்வரம் கடலில் படகோட்டி ஒருவரிடம் "எத்தனை பாகம்?" என்று கேட்டால், அவர் சொத்துப் பங்கையோ சமையல் பக்குவத்தையோ நினைக்க மாட்டார். தண்ணீரின் ஆழத்தைச் சொல்வார். இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நன்றாக விரித்தால், ஒரு நடுவிரல் நுனியிலிருந்து மறு நடுவிரல் நுனிவரை உள்ள நீளம் ஒரு பாகம். ஏறக்குறைய நாலு முழம், ஆறு அடி.

"மாமா, இங்க எத்தனை பாகம் வரும்?"

"நாலரை வரும் மாப்ள. இன்னும் கொஞ்சம் வாடைப் பக்கம் போனா அஞ்சு."

தங்கச்சிமடம், பாம்பன், மண்டபம், தொண்டி என்று எந்தக் கரையிலும் மூத்தவர்களின் பேச்சு இப்படித்தான் போகும். இதே மாவட்டத்தில் பரமக்குடிக்கோ முதுகுளத்தூருக்கோ போய்விட்டால் இந்தச் சொல்லுக்கு இந்தப் பொருளே கிடையாது. அங்கே சாணும் முழமும் உண்டு. பூக்கடையில் மல்லிகைச் சரத்தை முழங்கையில் வைத்து அளந்து கிள்ளித் தருவதால் முழம் எல்லா ஊரிலும் பிழைத்திருக்கிறது. பாகம் கரையைத் தாண்டி உள்ளே வரவில்லை. அது கயிற்றின் அளவு; நீளநீளமாகக் கயிற்றைக் கையாள்கிற ஊரில்தான் அதற்கு வேலை.

அது பிறந்த விதத்தைப் பார்த்தால் இது விளங்கும். அன்று ஆழம் பார்ப்பதற்கு இருந்த கருவி ஒரு கயிறும் அதன் முனையில் ஓர் ஈயக்குண்டும்தான். எழுத்துத் தமிழில் இதற்கு விழுது என்று பெயர். குண்டைக் கடலில் விடுவார்கள். அது தரையைத் தொட்டதும் கயிறு தளரும். விரலுக்கு அது தெரியும். நீர்மட்டத்தில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மேலே இழுக்க ஆரம்பித்தால் அளவும் கூடவே ஆரம்பித்துவிடும். கை விரித்து ஒன்று, மறுபடி விரித்து இரண்டு, மூன்று. இழுப்பதும் அளப்பதும் ஒரே அசைவு. தனியாக ஓர் அளவுகோல் எடுத்து வைக்கிற வேலை இல்லை. ஆடும் படகில், இருட்டில், ஈரக் கையோடு நிற்பவனுக்கு இதைவிடப் பொருத்தமான அளவு வேறு கிடைத்திருக்காது.

அதனால்தான் கடலோடிய மக்கள் பலரும், ஒருவரை ஒருவர் பார்க்காமலே, இதே அளவைக் கண்டுபிடித்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். இந்தச் சொல்லின் கதையில் என்னை மிகவும் இழுப்பது இதுதான். ஆங்கிலத்தில் 'ஃபேதம்'. பழைய ஆங்கிலத்தில் அதன் மூலச்சொல்லுக்கு விரித்த கைகள் என்றும் அணைப்பு என்றும் பொருள். அந்தக் குடும்பத்துச் சொல் ஸ்வீடிஷ் மொழியில் 'ஃபாம்ன்' என்று இன்றும் உயிரோடு இருக்கிறது. அங்கே அது குழந்தையை அள்ளி அணைத்துக்கொள்ளும் அணைப்பு. ஜெர்மனியில் 'ஃபாடன்' என்றால் பாகமும் உண்டு, நூலும் உண்டு. பிரெஞ்சில் 'பிராஸ்', ஸ்பானிய மொழியில் 'பிராசா'. இரண்டுக்கும் வேர் கைகளைக் குறிக்கும் லத்தீன் சொல். கிரேக்கத்தில் 'ஒர்குயா', நீட்டுதல் என்ற வினையிலிருந்து வந்தது. அரபியில் 'பாஉ'. அரபிகள் ஒருவரை நீண்ட பாகம் உடையவர் என்று சொன்னால் அவர் ஆற்றலும் கொடையும் மிக்கவர் என்று பொருள். மலாய் மொழியில் 'டெப்பா'. கிழக்கு ஆப்பிரிக்கக் கரையின் சுவாஹிலியில் 'பிமா'. அளப்பது என்ற வினைக்கும் அங்கே அதே சொல்தான். ஜப்பானில் 'ஹிரோ'. உலகம் முழுக்க ஓடிய 'ஸ்பிரிட்டட் அவே' திரைப்படத்தின் சிறுமி சிஹிரோவின் பெயரை ஜப்பானிய எழுத்தில் படித்தால் 'ஆயிரம் பாகம்' என்று வரும். அந்த எழுத்தைச் சீனர்கள் 'ஷுன்' என்று படிக்கிறார்கள். அதற்குப் பாகம் என்ற பொருளோடு தேடுதல் என்ற பொருளும் உண்டு. ஆங்கிலத்திலும் ஃபேதம் என்ற சொல்லை வினையாக்கினால் ஒன்றின் அடி ஆழம் வரை புரிந்துகொள்வது என்றாகிறது.

நம் பக்கத்து வீடுகளிலும் இது நிறைந்திருக்கிறது. தெலுங்கில் 'பார', கன்னடத்தில் 'மாரு', மலையாளத்தில் 'மாறு', மராத்தியில் 'வாவ்', சிங்களத்தில் 'பம்ப'. சமஸ்கிருதத்தில் வியாமம், பாலியில் பியாமம். கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் அளவுகளைப் பட்டியலிடும் இடத்தில் 84 அங்குலம் ஒரு வியாமம் என்று சொல்லி, அது கயிறுகளுக்கும் தோண்டிய பள்ளத்தின் ஆழத்துக்கும் உரிய அளவு என்று குறிக்கிறது. கயிறும் ஆழமும் அங்கேயும் சேர்ந்தே வருகின்றன.

வங்காளத்து ஆறுகளில் இதன் பெயர் 'பாவ்'. நீராவிப் படகின் முன்பக்கம் நின்று கலாசிகள் கயிற்றை எறிந்து இத்தனை பாவ் என்று இழுத்துக் கூவுவார்கள். தாகூரின் 'சுட்டி' என்ற சிறுகதையில், கிராமத்திலிருந்து கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்ட சிறுவன் ஃபடிக், காய்ச்சல் மூளைக்கேறிய நிலையில் அந்தக் கூவலைத்தான் முனகுகிறான். தரை தட்டுப்படாத ஆழத்தில் அவன் போய்க்கொண்டிருக்கிறான் என்று அந்தக் கதையே சொல்கிறது. அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றிலும் இதே வேலை, இதே மாதிரிக் கூவல். இரண்டு பாகம், அதாவது 12 அடி, படகு தட்டாமல் போகப் போதுமான ஆழம். அதற்கு அவர்கள் கூவியது 'மார்க் ட்வெய்ன்'. ஆற்றுப் படகோட்டியாக இருந்த சாமுவேல் கிளெமென்ஸ் 1863-இல் அதையே தன் புனைபெயராக வைத்துக்கொண்டார்.

தமிழ் வாசகர்களில் பலர் இந்தச் சொல்லை ஒரு முறையாவது கேட்டிருப்பார்கள். கேட்ட இடம் கடலாக இராது, தேவாலயமாக இருக்கும். பழைய தமிழ் விவிலியத்தில், அப்போஸ்தலர் நடபடிகள் 27-ஆம் அதிகாரத்தில் பவுல் போன கப்பல் புயலில் அலைக்கழிகிறது. பதினான்காம் இரவு கரை நெருங்குவதாக மாலுமிகளுக்குத் தோன்றுகிறது. விழுது விட்டுப் பார்க்கிறார்கள், இருபது பாகம். சற்று தள்ளிப் பார்த்தால் பதினைந்து. பாறையில் மோதிவிடுவோமோ என்று பயந்து நங்கூரம் போடுகிறார்கள். கிரேக்க மூலத்தில் ஒர்குயா என்று இருந்ததைத் தமிழாக்கியவர்கள் புதுச்சொல் எதையும் உண்டாக்கவில்லை. கரையோரத்தில் புழங்கிய பாகத்தை எடுத்து வைத்தார்கள். மால்டா தீவுக்கருகே நடந்ததைப் பாம்பனில் கேட்கும் மீனவர் உரை இல்லாமலே புரிந்துகொள்வார். ஐந்து பாகம் சட்டென்று குறைந்தால் முன்னால் பார் இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். பார் என்றால் கடலடிப் பாறைத் திட்டு.

இந்தக் குறிப்பிட்ட கடல், ராமேஸ்வரம் தீவுக்கு வடக்கும் தெற்குமாகக் கிடக்கிற இந்த இரண்டு கடல், பாகத்தை எத்தனை மொழிகளில் கேட்டிருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன். கீழக்கரைக்கும் காயல்பட்டினத்துக்கும் வந்த அரபு மரக்கலங்கள் பாஉ என்றன. கீழக்கரை மரக்காயர்கள் மலாய் நாடுகளுக்குப் போய் டெப்பாவைக் கேட்டுத் திரும்பினார்கள். 1538-இல் மண்டபத்தை அடுத்த வேதாளைக் கரையில் போர்ச்சுகீசியரும் கோழிக்கோட்டுக் கப்பற்படையும் மோதினார்கள். போர்ச்சுகீசியர் 'பிராசா' சொன்னார்கள். 1658-இல் மன்னாரையும் தூத்துக்குடியையும் பிடித்த டச்சுக்காரர்களின் சொல் 'வாடெம்'. அடுத்து வந்த ஆங்கிலேயர் ஃபேதம் என்றார்கள். மன்னார்க் கரையில் சிங்களப் பம்பவும் இருந்தது. இத்தனைக்கும் அடியில், கயிற்றைக் கையில் பிடித்திருந்த தமிழ் மீனவனும் முக்குளிப்பவனும் பாகம் என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆண்டவர்கள் மாறினார்கள், விரித்த கையின் நீளம் மாறவில்லை.

முத்துக் குளித்த காலத்தில் பாகம் உயிரை அளந்தது. சலாபம், அதாவது முத்துக்குளிப்பு, கூடும்போது கீழக்கரையிலிருந்தும் தொண்டியிலிருந்தும் முக்குளிப்பவர்கள் மன்னார்ப் பார்களுக்குப் போவார்கள். முத்துப்பார்கள் பெரும்பாலும் ஐந்து முதல் பத்துப் பாகத்துக்குள் கிடந்தன. கயிற்றில் கட்டிய கல்லில் கால் வைத்து மூச்சடக்கி இறங்கி, ஒரு நிமிடத்தை ஒட்டிய நேரத்துக்குள் கூடையில் சிப்பியை அள்ளிப் போட்டுவிட்டுக் கயிற்றை அசைத்தால், மேலே படகில் இருப்பவர் இழுப்பார். அந்த ஆளுக்கு, கீழே போனவன் எத்தனை பாகத்தில் இருக்கிறான் என்பது கையில் மிச்சமிருக்கும் கயிற்றால் தெரியும். ஏழு பாகத்தில் பழகியவனை ஒன்பதில் இறக்குவது அவன் காதையும் நெஞ்சையும் சோதிப்பது. 1905-ஆம் ஆண்டு மன்னார்ச் சலாபத்தில் மட்டும் எட்டுக் கோடிக்கும் அதிகமான சிப்பிகள் எடுக்கப்பட்டன. ஒவ்வொன்றும் ஒரு மனிதன் தன் உடம்பைப் போல ஐந்து, ஏழு, ஒன்பது மடங்கு ஆழம் போய்க் கையால் எடுத்தது. இந்தியக் கரையில் கடைசிச் சலாபம் 1961-இல் தூத்துக்குடியில் நடந்தது. பிறகு பார்களில் சிப்பி சேரவில்லை.

பாகத்தின் இன்னொரு வேலையிடம் வலை. கரைவலை போடும்போது கடலுக்குள் நீண்டு போகும் கயிறு இத்தனை பாகம், மடி இத்தனை பாகம் என்பதுதான் கணக்கு. கண்ணியின் அகலத்துக்கு விரல், வலையின் நீளத்துக்குப் பாகம். பருத்தியிலும் சணலிலும் வீட்டிலேயே வலை முடைந்த காலத்தில் பெண்களும் சிறுவர்களும் இந்த அளவில்தான் நூல் திரித்தார்கள். சம்மாட்டி, கூலியாள் என்ற வேறுபாடு இருந்தும் எல்லோர் உடம்பிலும் ஒரே அளவுகோல் இருந்தது. ஆளுக்கு ஆள் இரண்டு விரல் கூடும், குறையும். கடலில் அந்த வேறுபாட்டைப் பற்றி யாரும் சண்டை போட்டதில்லை. ஒரு படகில் அளந்து சொல்கிறவர் ஒருவரே என்பதால் அவருடைய கை அந்தப் படகுக்கு அளவு.

வெள்ளைக்காரர் ஃபேதத்தை ஆறு அடி என்று கட்டிப்போட்டார்கள். கடற்படங்களில் அந்த எண்களை அச்சடித்தார்கள். 1902-இல் கடல் உயிரியலாளர்கள் ஹெர்ட்மனும் ஹார்னலும் மன்னார் முத்துப்பார்களை ஆராய வந்தபோது ஆழங்கள் ஃபேதத்தில்தான் பதிவாயின. இன்றைய கணக்கில் ஒரு ஃபேதம் 1.8288 மீட்டர். 1852 மீட்டர் கொண்ட ஒரு கடல் மைல் ஏறத்தாழ ஆயிரம் ஃபேதம் என்பது கப்பல்காரர்களுக்கு வசதியான உறவாக இருந்தது. இந்த இரண்டு அளவுகளில் ஒன்று மேலிருந்து கீழே போவது, மற்றது கரையிலிருந்து வெளியே போவது. அன்றைக்கும் இன்றைக்கும் நடுவே ராமேஸ்வரம் மீனவரின் வாழ்க்கையில் நடந்த பெரிய மாற்றத்தை இந்த இரண்டு அளவைக் கொண்டே சொல்லிவிடலாம். அன்று அவர் கடலிடம் முதலில் கேட்டது ஆழம். இன்று முதலில் கேட்பது தூரம்.

மாற்றம் மெதுவாக வந்தது. 1956-இல் எடையளவுச் சட்டம் வந்து, 1958 அக்டோபரிலிருந்து படிப்படியாகக் கிலோவும் மீட்டரும் நடைமுறைக்கு வந்தன. கடைத்தெருவில் படியும் வீசையும் போயின. கடலில் இதன் தாக்கம் அப்போது பெரிதாக இல்லை, ஏனென்றால் ஆழத்தை யாரும் விற்பதில்லை. பிரிட்டிஷ் கடற்படங்களே 1960-களின் இறுதியில்தான் மீட்டருக்கு மாறத் தொடங்கின. இன்று டேராடூனில் உள்ள தேசிய நீர்வரைவு அலுவலகம் வெளியிடும் படங்களில் ஆழம் மீட்டரில் இருக்கிறது. சேது சமுத்திரத் திட்டம் 2005 ஜூலை 2 அன்று மதுரையில் தொடங்கிவைக்கப்பட்டபோதும் மீட்டரில்தான் பேசினார்கள்: 167 கிலோமீட்டர் நீளம், 300 மீட்டர் அகலம், 12 மீட்டர் ஆழம். பன்னிரண்டு மீட்டர் என்பது ஆறரைப் பாகம். மணல் திட்டுகள் ஒரு பாகத்துக்கும் குறைவாகக் கிடக்கிற இடத்தில் ஆறரைப் பாகம் தோண்டுவதாகச் சொல்கிறார்கள் என்று ஒருவர் மனக்கணக்குப் போட்டிருந்தால், அதன் பிரம்மாண்டம் அவருக்கு உடனே உறைத்திருக்கும். வழக்குகள் வந்து 2007-இல் அந்த இடத்தில் வேலை நின்றுபோனது.

விசைப்படகு வந்ததுதான் உண்மையான திருப்பம். 1960-களிலிருந்து அரசு மானியத்தோடு இழுவைமடிப் படகுகள் இந்தக் கரையில் பெருகின. இழுவைமடிக்கு ஆழம் தெரிந்தே ஆக வேண்டும். ஆழத்தைப் போல நான்கைந்து மடங்கு நீளத்துக்கு இழுவைக் கம்பியை விட்டால்தான் மடி தரையில் படியும். ஆனால் ஓடும் என்ஜின் படகிலிருந்து குண்டுக் கயிறு விட்டுப் பார்க்க நேரம் ஏது? எக்கோ சவுண்டர் அந்த வேலையை எடுத்துக்கொண்டது. படகின் அடியிலிருந்து ஒலி கீழே போய்த் தரையில் மோதித் திரும்பும் நேரத்தைக் கணக்கிட்டு ஆழத்தைத் திரையில் காட்டும். கடல்நீரில் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 1500 மீட்டர் போகிறது. பாக் விரிகுடாவின் பெரும்பகுதி ஏழு பாகத்துக்குள் அடங்கும். கேள்வி போய்ப் பதில் வர நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு கூட ஆகாது. இந்தக் கருவிகளில் மீட்டர், அடி, ஃபேதம் என்று மூன்று அளவும் வைத்துத் தருகிறார்கள். பாகத்தில் பழகியவர் ஃபேதத்தில் வைத்துக்கொண்டால் மனக்கணக்கு வேண்டியதில்லை. ஜப்பானில் செய்த பெட்டிக்குள் ஹிரோவும் பாகமும் ஃபேதமும் ஒரே எண்ணாகச் சந்தித்துக்கொள்கின்றன.

இதனால் என்ன போனது என்று கேட்டால், நான் முதலில் சொல்வது தரையைப் பற்றிய அறிவு. குண்டுக் கயிறு எண்ணை மட்டும் கொண்டுவரவில்லை. பழைய கப்பல்களில் ஈயக்குண்டின் அடியில் ஒரு குழி வைத்து அதில் விலங்குக் கொழுப்பை அப்பியிருப்பார்கள். தரையின் மணல், சேறு, சிப்பித்தூள் அதில் ஒட்டி மேலே வரும். கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ், எகிப்துக் கரைக்கு இன்னும் ஒரு நாள் பயணம் இருக்கும்போதே விழுது விட்டால் பதினோரு பாகத்தில் சேறு வரும் என்று எழுதிவைத்திருக்கிறார். நைல் ஆறு கொட்டிய சேறு அது. கரை கண்ணுக்குத் தெரியும் முன்பே தரை அவர்களுக்குச் செய்தி சொன்னது. நம் கடலிலும் நாலு பாகம் சேறு, ஆறு பாகம் பார் என்று ஆழமும் அடித்தரையும் சேர்ந்தே ஓர் இடத்தின் அடையாளமாக இருந்தன. சேற்றில் இறால், பாரில் கலவாய் என்று மீனும் அந்த அடையாளத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது. கரையில் தெரியும் கோபுரத்தையும் பனைக்கூட்டத்தையும் நேர்கோட்டில் வைத்துப் பார்க்கும் கணியத்தோடு பாகத்தையும் சேர்த்தால், நடுக்கடலில் ஓர் இடத்துக்கு முகவரி கிடைத்துவிடும். ராமநாதசுவாமி கோயில் கோபுரம் அந்த வகையில் பக்தர்களுக்கு நிகராக மீனவர்களுக்கும் வழிகாட்டியிருக்கிறது. இன்று அந்த முகவரி ஜி.பி.எஸ். கருவியில் இரண்டு வரி எண்கள். மகனுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. கருவியைக் கொடுத்தால் போதும். கருவி பழுதானாலோ பிடுங்கப்பட்டாலோ அந்த இடமும் கூடவே போய்விடுகிறது.

இருந்தும் பழையதே நல்லது என்று எழுத என் மனம் ஒப்பவில்லை. திசை தெரியாமல் நாள் கணக்கில் மிதந்தவர்களை இந்தக் கருவிகள் மீட்டிருக்கின்றன. ஐதராபாத்தில் 1999-இல் தொடங்கிய இன்காய்ஸ் நிறுவனம் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு மீன் திரளக்கூடிய இடங்களைச் சொல்கிறது. எந்தக் கரையிலிருந்து எந்தத் திசையில், எத்தனை கிலோமீட்டரில், எத்தனை மீட்டர் ஆழத்தில் என்று அந்த அறிவிப்பு வரும். அதைப் படித்துவிட்டு இருபது மீட்டரா, அப்படியானால் பதினோரு பாகம் என்று மனத்துக்குள் மாற்றிக்கொள்கிற தலைமுறை இன்னும் இருக்கிறது. அவர்களுக்கு மீட்டர் ஓர் எண். பாகம் என்றால் எவ்வளவு கயிறு, எவ்வளவு இழுப்பு, எவ்வளவு நேரம் என்பது தோளுக்குத் தெரியும்.

ஆழத்தின் இடத்தைத் தூரம் பிடித்த கதை இதைவிடக் கனமானது. 1974 ஜூனில் இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட ஒப்பந்தம், பாக் நீரிணையிலிருந்து ராமர் பாலம் வரை ஆறு புள்ளிகளை இணைத்துக் கடல் எல்லையை வரைந்தது. கச்சத்தீவு இலங்கைப் பக்கம் போனது. 1976 மார்ச்சில் மன்னார் வளைகுடாவுக்கும் எல்லை வந்தது. தண்ணீரில் கோடு தெரியாது. நாலு பாகத்தில் இறால் கிடைக்கும் சேறு, கோட்டின் இந்தப் பக்கமும் ஒன்றுதான், அந்தப் பக்கமும் ஒன்றுதான். இரு கரையிலும் தமிழ் பேசும் மீனவர்கள் அதை ஒரே சொல்லால்தான் அளந்தார்கள். இப்போது திரையில் அந்தக் கோடு இருக்கிறது. கோட்டுக்கு இன்னும் எத்தனை கடல் மைல் என்பதுதான் படகோட்டியின் முதல் கவலை. தாண்டினால் கைது, படகு பறிமுதல், சிறை.

உள்நாட்டிலும் தூரமே சட்டமானது. 1983-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் கரையிலிருந்து மூன்று கடல் மைல் வரை நாட்டுப்படகுகளுக்கு ஒதுக்கி, விசைப்படகுகள் அதற்கு வெளியே போக வேண்டும் என்றது. ராமேஸ்வரம் பக்கம் நாளும் பங்கிடப்பட்டிருக்கிறது. வாரத்தில் மூன்று நாள் விசைப்படகு, நான்கு நாள் நாட்டுப்படகு. ராமேஸ்வரத்தில் திங்கள், புதன், சனி என்றால் விசைப்படகு நாள். நாட்டுப்படகுகளுக்கு ஒதுக்கிய நீருக்கு வெளியே போனால் சிறிது தூரத்தில் எல்லைக்கோடு. இந்த இரண்டுக்கும் நடுவே இருக்கும் ஒடுங்கிய நீரில் நூற்றுக்கணக்கான இழுவைமடிகள். இழுவைமடி தரையைச் சுரண்டிக்கொண்டு போகும். எந்தத் தரையைக் குண்டுக் கயிறு தொட்டுப் பார்த்து மரியாதையோடு அறிந்துகொண்டதோ, அதே தரையை இது கிளறி எடுத்துவிடுகிறது. குஞ்சும் பாசியும் சிப்பியும் சேர்ந்து வருகின்றன. இலங்கைத் தமிழ் மீனவர்களின் வலைகளும் இதில் அறுபடுகின்றன. இந்தச் சண்டையில் இரு பக்கமும் பேசும் மொழி ஒன்று என்பது எனக்குத் தாங்க முடியாத வேதனை.

2017-இல் இதற்கொரு வழியாக இழுவைமடிப் படகுகளைக் கைவிட்டு ஆழ்கடல் சூரைப் படகுகளுக்கு மாறும் திட்டத்தை அரசு தொடங்கியது. வடகடலான பாக் விரிகுடாவின் ஐந்தாறு பாகத்தில் வளர்ந்தவர்களை, ஆயிரம் மீட்டருக்கும் மேல் ஆழமுள்ள தென்கடலான மன்னார் வளைகுடாவுக்கு அப்பால் அனுப்பும் திட்டம் அது. அங்கே ஐந்நூறு, அறுநூறு பாகத்தில் தரை இருந்து என்ன பயன்? நங்கூரம் எட்டாது, மடி தொடாது. ஆயிரங்கால் தூண்டில் தண்ணீரின் நடுவில் தொங்கும். தரையை அறிந்து மீன் பிடித்தவர், தரையே இல்லாத கடலில் வேறு தொழில்தான் கற்க வேண்டும். படகின் விலையும் கடனும் பெரிய தடைகள் என்று எல்லோரும் எழுதுகிறார்கள், உண்மைதான். அறிவு பயனற்றுப் போவதும் ஒரு தடை என்று நான் சேர்த்துச் சொல்வேன்.

பாகம் இப்போது எங்கே புழங்குகிறது என்று பார்த்தால், பெரும்பாலும் நாட்டுப்படகுகளில். வல்லங்களிலும் வத்தைகளிலும் எக்கோ சவுண்டர் இருப்பது அரிது, கைப்பேசி இருக்கிறது. பாசி எடுக்கப் போகும் பெண்களுக்குப் பாகம்கூடத் தேவையில்லை. மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றிய ஆழம் குறைந்த நீரில், விரல்களில் துணி சுற்றி, காலில் தகட்டைக் கட்டிக்கொண்டு இறங்கும் அவர்கள், இடுப்பளவு, கழுத்தளவு, ஆள் ஆழம் என்று நின்ற உடம்பாலேயே அளக்கிறார்கள். 21 தீவுகளைக் கொண்ட அந்தப் பகுதி 1986-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டபின், அவர்கள் எவ்வளவு ஆழம் போகலாம் என்பதைவிட எவ்வளவு அருகே போகலாம் என்பதே வழக்காகிவிட்டது. அங்கேயும் தூரம் ஜெயித்திருக்கிறது.

நண்டு வலைக்காரர்களிடம் பாகம் அன்றாட வேலை. பாக் விரிகுடாவின் நீல நண்டு மண்டபம் பக்கத்து நிறுவனங்களில் சதை எடுக்கப்பட்டு வெளிநாடு போகிறது. நண்டு வலையைத் தரையில் படிய விட்டு, இருக்கும் இடம் தெரிய மிதவையும் கொடிக்கம்பும் கட்டுவார்கள். மிதவைக் கயிறு ஆழத்தைவிடக் குறைந்தால் வெள்ளம் ஏறும்போது மிதவை மூழ்கிவிடும்; அதிகம் விட்டால் நீவாட்டில், அதாவது நீரோட்டத்தில், இழுபட்டு அடுத்தவர் வலையோடு பின்னிக்கொள்ளும், போகிற படகின் விசிறியில் சிக்கும். கடையில் நைலான் கயிறு கிலோக் கணக்கில்தான் தருகிறார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து சுருளைப் பிரித்துத் துண்டு போடும்போது கிலோவால் பயனில்லை. மூன்று பாகத் தண்ணீரில் போடப் போகிற வலை என்றால், கயிற்றைப் பிடித்துக் கையை விரித்து மூன்று எண்ணி, அலைக்கும் வெள்ளத்துக்குமாக இன்னொன்று விரித்துச் சேர்த்து வெட்டுகிறார்கள்.